கில்ட் வாங்கலாமா? எடின்பரோவிலிருந்து கேட்ட தோழிக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஐந்து வருடமாக இருக்கிறீர்கள். இரண்டு வருடமாக வாராவாரம் கேய்லி என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனத்துக்குப் போகிறீர்கள். அக்டோபரில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம். ஸ்காட்லாந்துக்காரர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், மடிப்பு வைத்த கம்பளி உடையான கில்ட், அசலாக ஒன்று வாங்கி அதற்குக் கட்ட ஆசை. கடையில் விசாரித்தால், 16 அவுன்ஸ் கம்பளியில் 8 கஜம் எடுத்துத் தைத்ததுதான் பாரம்பரியமானது என்று 700 பவுண்டு சொல்கிறார்கள். வீட்டிலோ, "அது ஆம்பளைங்க உடுப்பாச்சே" என்கிறார்கள். நமக்கு ஸ்காட்லாந்துக் குலம் எதுவும் கிடையாது. வாங்கலாமா, வேண்டாமா?

வாங்குங்கள். ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன கில்ட்டை வாங்காதீர்கள்.

நான் ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகு கில்ட் தைக்கக் கற்றுக்கொண்டவள். தைத்தும் பழுதுபார்த்தும் சில வருடங்கள் ஆகின்றன. என்னிடம் வரும் பெண்களில் பலர் வருத்தத்தோடுதான் வருகிறார்கள். பெரிய தொகை கொடுத்து, ஆண் உடம்புக்கென்று வெட்டிய கில்ட்டை வாங்கியிருப்பார்கள். அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் முடியாது. ஏன் முடியாது என்பது புரிந்துவிட்டால், எதை வாங்குவது என்பதும் தானாகப் புரியும்.

முதலில் வீட்டில் சொன்ன பேச்சுக்கு வருகிறேன். கில்ட் ஆண்களின் உடையாக வந்தது என்பது உண்மை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைலாண்ட் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் நீளமான கம்பளித் துணியை மடித்து, இடுப்பில் பெல்ட் போட்டு, மிச்சத்தைத் தோளில் ஏற்றிக் கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேல்பாதியை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டும் வழக்கம் பரவியது. இன்றைய கில்ட் அதிலிருந்து வந்தது. அதே காலத்தில் பெண்களுக்குத் தனி உடை இருந்தது, அரிசைட் என்று பெயர். ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். வெள்ளைத் துணியில் கறுப்பு, நீலம், சிவப்பு என மெல்லிய கோடுகள். கழுத்திலிருந்து குதிகால் வரை வரும். சுற்றிலும் கொசுவம் வைத்து, மார்புக்குக் கீழே பெல்ட்டால் கட்டி, மேலே வெள்ளியிலோ பித்தளையிலோ ஒரு ப்ரோச் குத்துவார்கள். படிக்கும்போது எனக்கு நம் ஊர்ப் பின்கொசுவக் கட்டுதான் நினைவுக்கு வந்தது. ஆக, கோடு போட்ட கம்பளியும் கொசுவமும் அந்த நாட்டுப் பெண்களுக்குப் புதியவை அல்ல.

இன்னொன்று. ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற நடந்த ஜேக்கபைட் கிளர்ச்சி தோற்ற பிறகு, 1746இல் மலைநாட்டு உடையைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் வாசகம் "ஆணோ சிறுவனோ" அணியக் கூடாது என்றுதான் இருந்தது. படையில் இருப்பவர்களுக்கு விலக்கு. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. 1782இல் அது நீக்கப்படும் வரை டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணி சட்டத்துக்கு உட்பட்டே பெண்கள் உடம்பில் இருந்திருக்கிறது.

பெண்கள் கில்ட்டே கட்ட ஆரம்பித்தது நடனப் போட்டிகளின் வழியாக. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜென்னி டக்ளஸ் என்ற பெண் ஹைலாண்ட் நடனப் போட்டியில் சேர்ந்தார். பெண்கள் சேரக் கூடாது என்று விதி எதிலும் எழுதியிருக்கவில்லை, அதனால் அனுமதித்தார்கள். இன்று அந்தப் போட்டிகளில் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. 1950களில் அபாய்ன் என்ற ஊரின் விளையாட்டு விழாக்காரர்கள், பெண்கள் கில்ட்டும் ஆண்களுக்கான மற்ற அணிகளும் போட்டு ஆடக் கூடாது என்றார்கள். அதற்கு மாற்றாக வந்த பாவாடையும் மேலங்கியும் சேர்ந்த உடைக்கு இன்றும் அபாய்ன் உடை என்றே பெயர். ஆனாலும் ஹைலாண்ட் ஃப்ளிங், வாள் நடனம் இரண்டையும் பெண்கள் கில்ட்டில்தான் ஆடுகிறார்கள். ஆகஸ்ட்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். பேக்பைப் வாசிக்கும் குழுக்களின் உலக பைப் பேண்ட் போட்டி நடக்கும். ஆணும் பெண்ணும் ஒரே கில்ட்டில் வரிசையாக நடந்து வருவார்கள். வீட்டில் இருப்பவர்களையும் அழைத்துப் போங்கள். நான் சொல்வதைவிட அது நன்றாக விளங்கும்.

சரி, இப்போது துணிக்கு வருவோம். முக்கியமான இடம் இதுதான்.

கில்ட் என்பது சுற்றிக் கட்டும் உடை. முன்னால் இரண்டு தட்டையான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று வரும், ஏப்ரன் என்பார்கள். பின்பக்கம் முழுவதும் மடிப்பு. இடையிலிருந்து பிட்டத்தின் அகன்ற இடம் வரை ஒவ்வொரு மடிப்பையும் கையால் தைத்து நிறுத்துவார்கள். அதற்குக் கீழே மடிப்புகள் விடுதலையாகத் தொங்கும். நீங்கள் சுழலும்போது விரிவது இந்தக் கீழ்ப்பகுதி. மேலே தைத்த பகுதியின் உள்ளே, மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தடிமனாகும் என்பதால், அதிகப்படித் துணியை வெட்டி எடுத்துவிடுவோம். அப்புறம் உள்ளே விறைப்பான கான்வாஸ் வைத்து, அதன்மேல் பருத்தி லைனிங். இப்படி ஒன்றைக் கையால் தைத்து முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

உள்துணியை வெட்டியாயிற்று என்பதால் பிட்டத்தில் பத்தாத கில்ட்டைப் பிறகு அகலமாக்க வழியில்லை. இடுப்பில் இறுக்கும் பட்டைகளின் பக்கிள்களை நகர்த்தி இடையில் இரண்டு அங்குலம் கூட்டிக் குறைக்கலாம், அவ்வளவுதான். நீளத்தையும் கூட்ட முடியாது. கில்ட்டின் கீழ்விளிம்பு மடித்துத் தைத்தது அல்ல, நெசவிலேயே முடிந்த கரை. பாவாடையில் போல அடிமடிப்பைப் பிரித்து இறக்க அங்கே எதுவும் இருக்காது.

இப்போது ஆண் உடம்பையும் பெண் உடம்பையும் யோசியுங்கள். ஆண்களுக்கு இடைக்கும், நம் தையல்காரர்கள் 'சீட்' என்று சொல்லும் பிட்டச் சுற்றளவுக்கும் நாலைந்து அங்குலம் வித்தியாசம் இருக்கும். நமக்கு எட்டு, ஒன்பது, பத்துகூட இருக்கும். உங்கள் சீட் 38, இடை 29 என்று வைத்துக்கொள்வோம். பின்பாதிக்கு 19 அங்குலம். ஒவ்வொரு மடிப்பும் வெளியே முக்கால் அங்குலம் தெரியும்படி வைத்தால் 25 மடிப்பு. அதே 25 மடிப்பும் இடைக்கு வரும்போது பதினாலரை அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் என்று குறுக வேண்டும். தெரிந்த கை இதைச் செய்தால் முதுகுப்பக்கம் கட்டங்கள் அழகாகக் குவிந்து இறங்கும். ஆண் அளவில் தயாராகத் தைத்து வைத்த கில்ட்டில் அது இருக்காது. இடைக்குச் சரியாக எடுத்தால் பிட்டத்தில் இழுத்து, மடிப்புகள் கோழிவால் போல விரிந்து நிற்கும். பிட்டத்துக்குச் சரியாக எடுத்தால் இடையில் கை நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று இருக்கும்.

என் முதல் கில்ட் அப்படி வந்ததுதான். தயாராக இருந்ததை "பெல்ட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி விற்றார்கள். இரண்டு மாதச் சேமிப்பு போனது. ஒரு நிகழ்ச்சிக்குக் கட்டிக்கொண்டு போய், பாதியில் கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் தைக்கக் கற்றுக்கொள்ளப் போனதற்கு அந்த ராத்திரிதான் காரணம்.

அடுத்து, 8 கஜம் என்ற பேச்சு. 8 கஜம் என்றால் 7.3 மீட்டர், நம் புடவைக்கும் மடிசார்ப் புடவைக்கும் நடுவில். அகலமான துணியில் 4 கஜம் எடுத்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து 8 கஜம் ஆக்குவார்கள். இது ஒரு பொது அளவு, அவ்வளவுதான். உண்மையில் எவ்வளவு துணி தேவை என்பதை இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது: உங்கள் சீட் அளவும், டார்ட்டனில் ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் தூரமும். பின்பக்கமும் டார்ட்டன் குலையாமல் முன்பக்கம் போலவே தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுக் கட்டத்தை விழுங்க வேண்டும். கட்டம் 7 அங்குலம் என்றால், 25 மடிப்புக்கு 175 அங்குலம், ஐந்து கஜத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஏப்ரனுக்கும் ஓரத்து ஆழமான மடிப்புகளுக்கும் இன்னும் ஒன்றரை கஜம் போல. மொத்தம் ஆறரை. சீட் 44 உள்ள ஆணுக்கு இதே கணக்கு ஏழு கஜத்தைத் தாண்டும். உங்களுக்கு 8 கஜம் போட்டால் மிச்சத் துணி முழுவதும் மடிப்புக்குள் ஒளிந்து, பின்பக்கத்தில் மூட்டை கட்டினாற்போல நிற்கும். ஆறரை கஜத்தில் தைத்தால் பாரம்பரியம் குறைந்துபோகாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தைத்த பழைய கில்ட்டுகளே ஏறத்தாழ 4 கஜத்தில் பெட்டி மடிப்பு வைத்துத் தைத்தவை.

எடையும் அப்படித்தான். 16 அவுன்ஸ் என்பது அகலத் துணியில் ஒரு கஜத்தின் எடை, சுமார் 450 கிராம். நாலு கஜம் என்றால் 1.8 கிலோ. பைப் பேண்டில் மழையிலும் காற்றிலும் வெளியே நிற்பவர்களுக்கு அது அருமையான துணி. நீங்கள் மூடிய கூடத்தில் இரண்டு மணி நேரம் ஆடப் போகிறவர். ஸ்ட்ரிப் தி வில்லோ என்ற வேகமான கேய்லி நடனத்தை இரண்டு சுற்று ஆடினால் வேர்த்து ஊற்றும். 13 அவுன்ஸ் கேளுங்கள். மடிப்பு நிற்கும், சுழலும்போது ஆடும், உடம்பையும் வாட்டாது. 10, 11 அவுன்ஸில் மடிப்பின் கூர்மை சீக்கிரம் போய்விடும் என்பதால் முதல் கில்ட்டுக்கு நான் சொல்வதில்லை.

கில்ட் ஸ்கர்ட் என்று இன்னொன்று கடைகளில் பெண்கள் பகுதியில் தொங்கும். துணி குறைவு, மடிப்பு ஆழமில்லை, உள்ளே கான்வாஸ் இருக்காது, மிஷின் தையல். பழைய சாமான் விற்கும் தொண்டுக் கடைகளில் 20, 30 பவுண்டுக்கு நல்ல கம்பளியிலேயே கிடைக்கும். அது மட்டமான பொருள் அல்ல; அலுவலகத்துக்கும் குளிர்காலத்தில் வெளியே போகவும் நன்றாக இருக்கும். ஆனால் சுழன்றால் விரிந்து திரும்பி அடங்கும் அந்த அசைவு அதில் வராது. நீங்கள் கல்யாணத்துக்கு மட்டும் ஒரு நாள் கட்டப் போகிறவராக இருந்தால் இதையோ, பட்டுப்புடவையையோ சொல்லியிருப்பேன். புடவையில் போனால் அந்தக் கல்யாணத்தில் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். ஆனால் நீங்கள் இரண்டு வருடமாக விடாமல் ஆடுகிறவர். வாராவாரம் கட்டினால் ஒரு நல்ல கில்ட் இருபது, முப்பது வருடம் உழைக்கும். அதனால்தான் வாங்குங்கள் என்றேன். கையால் தைத்தது 500 பவுண்டுக்கு மேல்தான் வரும். 800, 900 கேட்பவர்களும் உண்டு. 700 சொன்னதில் தவறில்லை. அந்த 700 உங்கள் அளவுக்குத் தைத்ததற்குப் போக வேண்டும் என்பதுதான் என் கவலை. ராயல் மைல் தெருவில் 40 பவுண்டுக்குத் தொங்குவது பெரும்பாலும் அக்ரிலிக், அதை விட்டுவிடுங்கள்.

குலம் இல்லையே என்ற தயக்கத்துக்கு வருகிறேன். எந்த டார்ட்டனையும் யாரும் கட்டலாம். சட்டம் எதுவும் தடுக்கவில்லை. அரச குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் பால்மோரல் டார்ட்டன் போன்ற சிலவற்றை மரியாதைக்காகத் தொடுவதில்லை. ஒரு குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற ஒழுங்கே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் பலரும் டார்ட்டனில் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த ஆர்வம் பெருகியது. குலம் இல்லாதவர்கள் கட்டவென்றே பொது டார்ட்டன்கள் இருக்கின்றன: பிளாக் வாட்ச், கலிடோனியா, ஹண்டிங் ஸ்டூவர்ட், ஐல் ஆஃப் ஸ்கை. ஊருக்கென்று இருப்பவையும் உண்டு. ஐந்து வருடம் வாழ்ந்த ஊர் என்பதால், உங்களுக்கு எடின்பரோ டார்ட்டனையே நான் சொல்வேன். யாராவது கேட்டால் சொல்ல உங்களிடம் நேர்மையான பதில் இருக்கும். 2009 முதல் அரசே டார்ட்டன் பதிவேடு ஒன்றை நடத்துகிறது. புதிதாக வடிவமைத்துப் பதிவதும் நடக்கிறது. இங்குள்ள சீக்கியர் ஒருவர் சிங் டார்ட்டன் என்றே ஒன்றை உருவாக்கினார்.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது மாடர்ன், ஏன்ஷியன்ட், வெதர்ட் என்று சொல்வார்கள். இவை காலத்தைக் குறிப்பவை அல்ல, சாயத்தின் அழுத்தத்தைக் குறிப்பவை. மாடர்னில் நிறங்கள் ஆழமாக இருக்கும், ஏன்ஷியன்ட்டில் வெளிறி, வெதர்ட்டில் மண்ணில் கிடந்து எடுத்தாற்போல. நம் நிறத்துக்கு மாடர்ன் எடுப்பாக இருக்கும் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. கடை விளக்கில் முடிவெடுக்காமல் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உயரம் குறைவு என்றால் கட்டம் சின்னதாக உள்ளதைத் தேடுங்கள்.

அளவெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. கில்ட் நிற்கும் இடம் ஜீன்ஸ் நிற்கும் இடம் அல்ல, தொப்புளை ஒட்டிய உண்மையான இடை. அங்கே நமக்கு உடம்பு குறுகி, கீழே அகலும் என்பதால் கில்ட் வழுக்காமல் தானாக உட்காரும். ஆண்களின் கில்ட்டில் இடைக்கு மேலே இரண்டு அங்குலம் ஏற்றித் தைப்பது வழக்கம். மேலுடம்பு குட்டையாக உள்ள பெண்களுக்கு அது விலா எலும்பில் இடிக்கும். அந்த ஏற்றம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீளத்துக்கு முழங்காலிட்டு நில்லுங்கள். இடையிலிருந்து தரை வரை அளந்து ஒரு அங்குலம் குறைத்தால் முழங்காலின் நடுவில் வந்து நிற்கும். மேல் ஏப்ரன் எந்தப் பக்கம் வந்து முடியும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு வலது இடுப்பில் முடியும். பெண்களுக்கு இடப்பக்கம் வைப்பது பழைய வழக்கம். பைப் பேண்டில் சேர்கிறவர்கள் எல்லோரையும் போல வலப்பக்கம் கேட்பார்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் சரி, துணி வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பக்கிளை நகர்த்த இடம் விட்டுத் தைப்பார்கள்.

தைப்பவரிடம் அவர் முன்பு ஒரு பெண்ணுக்குத் தைத்த கில்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் தைத்த பகுதியில் ஒரு கிடைக்கோட்டைக் கண்ணால் பிடித்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போங்கள். எங்கும் படி ஏறி இறங்கக் கூடாது. உள்ளே புரட்டிக் கான்வாஸ் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கூடப் போடும் சாமான்களுக்குப் பணம் அதிகம் செலவழிக்க வேண்டாம். இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் பையும் காலுறையில் செருகும் சின்னக் கத்தியும் ஆண்களுக்கு உரியவை, வழக்கமாகப் பெண்கள் போடுவதில்லை. ஒரு வெள்ளைச் சட்டையோ மெல்லிய கம்பளி மேலாடையோ, கறுப்புக் காலுறை, ஆடத் தோதான செருப்பு போதும். கில்ட் ஊசி குத்தும்போது மேல் ஏப்ரனில் மட்டும் குத்துங்கள். அது எடைக்காக வைப்பது. இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் உட்கார்ந்து எழும்போது துணி கிழியும். அப்படிக் கிழிந்து என்னிடம் வந்தவை ஏராளம். உட்காரும்போது, இரண்டு கையாலும் பின்மடிப்பைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு உட்காருங்கள். பழகும் வரை வீட்டில் நாற்காலியில் செய்து பாருங்கள்.

பராமரிப்பு பட்டுப்புடவைக்குச் செய்வதைவிட எளிது. துவைக்கக் கூடாது. கட்டிய பிறகு ஒரு ராத்திரி காற்றாட விட்டு, பிரஷ்ஷால் தட்டி, கிளிப் வைத்த ஹேங்கரில் தொங்கவிட வேண்டும். வருடம் ஒரு தடவை டிரை கிளீனிங் போதும், கில்ட் தெரிந்த இடத்தில் கொடுங்கள். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி மட்டும் பெரிய எதிரி. வெயில் காலத்தில் துணிப்பையில் போட்டு, தேவதாரு மரத்துண்டு வைத்துக் கட்டிவையுங்கள்.

அக்டோபர் கல்யாணம் என்றால் இந்த வாரமே அளவு கொடுத்துவிடுங்கள். நல்ல கை உள்ளவர்களிடம் வரிசை நீளம். துணி நெய்து வர வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் ஆகும். ஆலையில் கையிருப்பில் உள்ள டார்ட்டனா என்று முதலில் கேளுங்கள். அதற்குள் முடியாது என்றால் கல்யாணத்துக்குப் புடவை கட்டிப் போங்கள். அவசரத்துக்காகத் தயார் கில்ட்டை எடுத்துவிடாதீர்கள்.

கில்ட் கைக்கு வரும்போது கீழ்ப்பக்கம் மடிப்புகளைச் சேர்த்து வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்டிருக்கும். அதை அலங்காரம் என்று நினைத்து அப்படியே கட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் கத்தரிக்கோலால் நூலை அங்கங்கே வெட்டி, மெதுவாக உருவிவிட்டு, அப்புறம் கட்டுங்கள்.